பாத்தியாக்காவின் ஜன்னல்

சலவைக் கடையில் துணி தேய்க்கும் அந்த அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் தூங்குகிறது. தெருவிலும் கடையிலும் அவள் பாத்தியாக்காதான். கேஸை மூடினியா, பாத்தியா? பின்கதவுக்குக் கொக்கி போட்டியா, பாத்தியா? அயர்ன் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கினியா, பாத்தியா? எதிரில் நிற்பவர் பார்த்தேன் என்று சொன்னாலும், தானே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். புருஷனிடம் மட்டும் மரியாதையாக "பாத்தீங்களா" என்பாள். அவர் செய்கிற வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்பார். அவர் பார்த்திருக்க மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சின்ன வயதில் தீ விபத்து எதையாவது கண்டு மிரண்டிருப்பாளோ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் கிடையாது. சிலருக்கு இடது கைப் பழக்கம் வருகிற மாதிரி இவளுக்குப் பயம் வந்தது, அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். அந்தச் சலவைக் கடை முதலாளி வெளியூர் போகும்போது சாவியை யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று போய் விசாரிக்கட்டும். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு சட்டைக் காலர்கூடக் கருகியதில்லை.

ஆனால் கடைக்கு நல்லதாக இருப்பது வீட்டுக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லையே. ஒரே மகள். பள்ளி இறுதிப் பரீட்சை அன்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறக்கி, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் அம்மா. கேஸ் மூடித்தான் இருந்தது. பரீட்சை மண்டபத்துக்குள் பெண் மூச்சிரைக்க நுழைந்தபோது மற்றவர்கள் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்கள். அதைவிட மோசம், அந்தப் பெண்ணுக்கும் இந்த நோய் ஒட்டிக்கொண்டது. படுக்கப் போகுமுன் கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். கல்யாணமாகி வேறு வீடு போன பிறகுதான் மெல்ல மெல்ல விட்டது. இப்போது அவளுக்கு ஒரு கைக்குழந்தை, பெண் குழந்தை.

மாப்பிள்ளைக்கு வேலை விஷயமாக இரண்டு மாதம் வெளியூர். அத்தனை நாளும் அம்மா வீட்டில் இருப்பதாக மகள் போனில் சொன்னபோது பாத்தியாக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் உடனே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"நான் வர்றேம்மா. ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் நீ ஏதாவது கேக்கலாம், சொல்லலாம். அதுக்கு மேல வாயைத் திறந்தா, பெட்டியைத் தூக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போயிடுவேன். நான் பட்டது போதும். பாப்பாவுக்கு இது வேண்டாம்."

அத்தை என்றால் மாமியார். பாத்தியாக்கா சரி என்றாள். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரவே சொன்னாள். மகள் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மூக்குப்பொடி போடுகிறவன் பொடியை விட்டுவிடப் பழகுகிற மாதிரி அன்றிலிருந்தே பழக ஆரம்பித்தாள். கடையைப் பூட்டிவிட்டு ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை முதுகில் யாரோ கை வைத்து இழுப்பதுபோலிருக்கும். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

குழந்தைக்கு என்று ஒதுக்கியது சின்ன அறை. அதில் கண்ணாடி பதித்த ஒரே ஒரு மர ஜன்னல். முன்பு குடியிருந்தவர்கள் பெயின்ட் மேல் பெயின்ட்டாகப் பூசிப் பூசி, ஜன்னல் கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டு, திறந்தே பல காலம் ஆகிவிட்டது. காற்றில்லாத அறையில் பச்சைக் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? பெயின்ட்டை முழுக்க உரித்து எடுத்தால்தான் ஜன்னல் அசையும்.

அவள் புருஷனுக்குத் தொழில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது. பெட்ரோல் டேங்க் வளைவில் ஸ்டிக்கர் சுருக்கமில்லாமல் படிய வேண்டுமானால் சுடுகாற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். ஆகவே அந்தக் கருவி அவர் கைக்கு ஆறாவது விரல். "பெயின்ட்டுக்கும் இதையே காட்டினா கொப்புளிச்சு வந்துடும், தகட்டால வழிச்சு எடுத்துடலாம், ஒரு காலை வேலை" என்றார்.

பாத்தியாக்கா விடுவாளா? ஹார்ட்வேர் கடைக்குப் போய் விசாரித்தாள். கடைக்காரர், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஒரேயடியாகச் சூடாக்கினால் அது புகையாக உள்ளே போகும், காய்ந்ததை உப்புத்தாளால் தேய்த்தால் தூசியாகப் போகும், குழந்தை வரப்போகிற வீட்டில் கவனம் என்றார். துணி மாஸ்க் உதவாது என்று இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். சூட்டைக் குறைவாக வைக்கணும், ஒரே இடத்தில் காட்டாமல் கையை நகர்த்திக்கொண்டே இருக்கணும், ஜன்னல் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தால் விரிசல் விடும் என்றார். பின்னால் ஆட்கள் நின்றதால் அதோடு அடுத்தவருக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார். அவள் கேட்டதையெல்லாம் வரிசை தப்பாமல் மனதில் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஏற்பாடு என்றால் அப்படி ஓர் ஏற்பாடு. தரை முழுக்க பிளாஸ்டிக் தாள். கட்டில், திரைச்சீலை எல்லாம் வெளியே. அறைக் கதவு இடுக்கில் ஈரத்துணி. சட்டென்று தீப்பிடிக்கிற தின்னர் டின் கொல்லைப்புறத்துக்குப் போனது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை மாற்றித் தடித்த ஒயர். ஒரு பக்கெட் தண்ணீர். புருஷன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பேத்தி இந்த மூஞ்சியைப் பாத்தா வந்த வண்டியிலேயே திரும்பிடுவா" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பயப்பட வேண்டியதற்கெல்லாம் பயந்து முடித்தாகிவிட்டது என்ற நிம்மதியோடு, தானும் ஒரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை மறைக்கிற அட்டையைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றாள்.

வேலை நன்றாகத்தான் போயிற்று. பெயின்ட் குமிழ் குமிழாக எழுந்து, தகடு பட்டதும் நீளநீளமாக உரிந்து விழுந்தது. அவள் அதை ஈரப்படுத்திப் பையில் போட்டுக் கட்டினாள். கீழ் மூலை ஒன்றுதான் அடம்பிடித்தது. சட்டமும் சுவரும் சேருகிற இடம். இடுக்கை ஒரு மெல்லிய ரீப்பர் கட்டையால் மூடியிருந்தார்கள், அதன்மேல் பெயின்ட் கல்லாக இறுகிக் கிடந்தது. புருஷனுக்குப் பொறுமை போய்விட்டது. சூட்டை முழுசாக ஏற்றி, கன்னின் மூக்கை இடுக்குக்குக் கிட்டத்தில் வைத்து, கையை நகர்த்தாமல் பிடித்தார். கட்டையின் ஓரம் பழுப்பேறிக் கறுத்தது.

"கறுக்குதுங்க" என்றாள்.

"மேல பெயின்ட் அடிச்சா தெரியாது" என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து.

அழகு கெடுவதைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் அப்போது அதைத்தான் நினைத்தாள். ஸ்டிக்கர் மேல் காட்டிய சூடு கன்னை எடுத்த மறு நிமிஷம் ஆறிவிடும். தொழில் முழுக்க அவர் அறிந்த சூடு அதுதான். மரத்துக்குள் இறங்கிய சூடு எங்கே போய் உட்காரும் என்று யோசிக்க அவருக்குக் காரணமே இருந்ததில்லை.

ஜன்னல் திறந்தது. வெளிக்காற்று உள்ளே வந்தபோது இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி மாறி மாறித் திறந்து மூடிப் பார்த்தார்கள். பிறகு ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, தரையை அலசிவிட்டு, குளித்துத் துணி மாற்றினார்கள். அவர் தன் ஸ்டிக்கர் கடைக்குக் கிளம்பும்போது அவள் ஒரே தடவை கேட்டாள்: "எல்லாம் பாத்தீங்களா?"

அவர் அன்றைக்கு நிஜமாகவே பார்த்திருந்தார். மகள் வருகிறாள், இவளும் இந்தப் பாடுபட்டுப் பழகுகிறாள் என்ற இரக்கத்தில், ஒயரைப் பிடுங்கி, கன்னை ஸ்டாண்டில் நிறுத்தி ஆறவிட்டு, அதன் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்து, பெட்டியில் வைத்திருந்தார். அதை விவரமாகச் சொல்லவும் செய்தார். அவளுக்கு மனது குளிர்ந்துவிட்டது.

மறுநாள் வர வேண்டிய மகள் அன்று மதியமே வந்து இறங்கினாள். மாப்பிள்ளையின் பயணம் ஒரு நாள் முந்திவிட்டது. குழந்தை தோளில் தூங்கியது. நேரே சின்ன அறைக்குப் போய், திறந்த ஜன்னலைக் கண்டு முகம் மலர்ந்து, அங்கேயே படுக்க வைக்கப் பார்த்தாள். பாத்தியாக்கா குறுக்கே வந்து நின்று, பெயின்ட் உரித்த தூசி எங்காவது மிச்சமிருக்கும், நாளைக்கு இன்னொரு தரம் ஈரத்துணி போட்ட பிறகு படுக்க வைக்கலாம், இன்றைக்குக் கூடத்திலேயே இருக்கட்டும் என்றாள். மகள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, நியாயம்தான். ஆனா இது ஒண்ணு. இன்னிக்கு உன் கணக்கு முடிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மகளும் குழந்தையும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். வழி அலுப்பில் மகள் உடனே தூங்கிவிட்டாள். பாத்தியாக்கா சமையலறையில் பாத்திரம் சத்தமில்லாமல் கழுவினாள். அப்போதுதான் மூக்கில் ஒரு நாற்றம் பட்டது.

காலையிலிருந்து பெயின்ட் கருகிய நாற்றம் வீட்டிலேயே இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும் என்று குழாயைத் திருகினாள். ஆனால் பெயின்ட் கருகியது காரமாக, தொண்டையைக் கவ்வுகிற நாற்றம். இது வேறு. சாக்கு புகைகிற மாதிரி, லேசாக, வந்து வந்து போனது. பக்கத்து வீட்டில் எதையாவது எரிக்கிறார்களோ என்று கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். வெளியே ஒன்றும் இல்லை.

சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது, காற்று வந்தது, புகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கறுத்த மூலைக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

ஆனால் அது வெயில் அடிக்கிற சுவர். மதியத்துக்கு மேல் தினமும் சுடும். கையை எடுத்தாள். திரும்பக் கூடத்துக்கு வந்து மகளையும் குழந்தையையும் பார்த்தாள். குழந்தை வாயை உறிஞ்சுவதுபோல் அசைத்துக்கொண்டு தூங்கியது. எழுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றுமில்லாததற்கு எழுப்பினாள் என்று ஆகும். வந்து இறங்கிய அன்றே வாக்கை மீறினாள் என்று ஆகும். பெட்டியை இன்னும் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதற்கப்புறம் பேத்தியை வருஷத்துக்கு எத்தனை தடவை கண்ணில் காட்டுவாளோ.

வாழ்க்கையில் எத்தனை தடவை இப்படித் தோன்றியிருக்கிறது, எத்தனை தடவை போய்ப் பார்த்திருக்கிறோம், ஒரு தடவையாவது ஏதாவது இருந்ததா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இருந்ததில்லை. உட்காரப் போனாள். உட்கார முடியவில்லை.

கூடத்திலும் அதே சுவரில் ஒரு ஜன்னல் உண்டு, அதே வெயில்தான் அதற்கும். சட்டென்று அது ஞாபகம் வந்தது. மகளைத் தாண்டிப் போய், அந்த ஜன்னலின் கீழ் மூலையில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி சின்ன அறைக்குப் போய் வைத்தாள். இந்தத் தடவை கையை ஒட்டி வைக்கவே முடியவில்லை. முன்னைவிடச் சூடு ஏறியிருந்தது.

கூடத்துக்கு வந்து மகளின் தோளை உலுக்கினாள்.

"எழுந்திரு. பாப்பாவைத் தூக்கிட்டு வாசலுக்குப் போ. ஜன்னல் பக்கம் சுவருக்குள்ள நெருப்பு இருக்கு."

மகள் கண்ணைத் திறந்ததும் முதலில் வந்தது கோபம்தான். "அம்மா, வந்து முழுசா ஒரு பொழுது ஆகல. ஆரம்பிச்சிட்டியா?"

"திட்டுறதை அப்புறம் திட்டு. நாளைக்கே போயிடு, நான் தடுக்கல. இப்ப எழுந்து வெளியில போ."

அம்மாவின் குரலில் கெஞ்சல் இல்லை. மகள் வாழ்நாளில் கேட்டிராத குரல் அது. குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பாத்தியாக்கா மெயின் சுவிட்சை அணைத்தாள், சின்ன அறையின் ஜன்னலையும் கதவையும் மூடினாள், வாசலுக்கு வந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். புகை தெரிகிறதா என்று அங்கே கேட்டார்கள். இல்லை என்றாள். தீ தெரிகிறதா என்றார்கள். இல்லை, சுவர் சுடுகிறது, காலையில் அந்தச் சட்டத்துக்கு ஹீட் கன் காட்டினோம் என்றாள். சொல்லும்போது அவளுக்கே அவமானமாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் இருந்தவர் சிரிக்கவில்லை. உடனே விலாசம் கேட்டார்.

வண்டி தெருவுக்குள் திரும்பும்போது ரீப்பர் கட்டை இடுக்கிலிருந்து மெல்லிய புகை கிளம்பிவிட்டது. தீயணைப்பு ஆள் கட்டையை நெம்பிப் பெயர்த்தார். உள்ளே சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அந்தக் காலத்துக் கொத்தனார் சாக்கையும் காகிதத்தையும் திணித்து மூடியிருந்தார். அது மேலே கரியாகவும் உள்ளே செக்கச்செவேலென்றும் கனன்றுகொண்டிருந்தது. காற்று பட்டதும் குப்பென்று ஒரு தீ நாக்கு எழுந்தது. தண்ணீர் அடித்து அணைத்தார்கள். சட்டத்தின் ஒரு பக்கம் முழுக்க உள்ளுக்குள்ளேயே வெந்து போயிருந்தது.

புருஷன் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். கறுத்த சுவரையும் நனைந்த தரையையும் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கன்னைத்தான் பாத்தேன். சுவரைப் பாக்கணும்னு தோணவே இல்ல" என்று யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னார். பாத்தியாக்காவும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கறுத்தபோது பக்கத்தில் நின்றவள் அவளும்தானே.

தீயணைப்பு ஆள் போகும்போது, விடியும்வரை யாராவது அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், மிச்சக் கனல் எங்காவது ஒளிந்திருக்கும் என்றார். புகை அடைந்த வீட்டில் குழந்தையை வைக்கவேண்டாம் என்றும் சொன்னார். சாயங்காலம் மகள் அத்தை வீட்டுக்குப் போக வண்டி பேசினாள். பெட்டியைப் பாத்தியாக்காவே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

மகள் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, நீ சொன்னது சரியாப் போச்சு. என் கணக்கு, நிபந்தனை எல்லாம் தண்ணில எழுதினதா வச்சுக்கோ. இனிமே எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."

அப்படி ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் காத்திருந்தவள் முகம் மலரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"வேண்டாம்டி. இத்தனை வருஷமா நான் பயந்தது ஒண்ணுகூட நடக்கல. போய்ப் பாப்பேன், ஒண்ணும் இருக்காது, திரும்பி வந்து நிம்மதியாத் தூங்குவேன். எனக்கு இருந்த தைரியமே அதுதான். இன்னிக்குப் போய்ப் பாத்தேன், இருந்துச்சு. இனிமே நான் எதை நம்பித் தூங்குறது?"

அம்மா ஆபத்தைத் தேடித்தான் வீடு முழுக்க அலைகிறாள் என்று மகள் அதுவரை நினைத்திருந்தாள். ஆபத்து இல்லை என்பதைத் தேடி அலைந்தாள் என்று அன்றுதான் தெரிந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மகள் குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, தன் பெட்டியை எடுத்து வண்டியில் ஏற்றினாள்.

"நீயும் ஏறு. அத்தை வீட்டுல இடம் இருக்கு."

"சுவரை யார் பாக்குறது?"

புருஷன் அதற்குள் சின்ன அறையில் ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார். "நான் பாக்குறேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கை வச்சுப் பாத்துட்டு போன் பண்றேன். நீ கிளம்பு" என்றார்.

அவள் கிளம்பினாள். எப்படிக் கிளம்பினாள் என்று அவளுக்கே தெரியாது. வண்டி பெரிய சாலையில் போனபோது மடியில் குழந்தை, கையில் போன். தானாகக் கூப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். மகளும் பக்கத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நேரம் ஆக ஆக மகளின் நெற்றி வியர்த்தது. கடைசியில் போன் அடித்தது.

"சட்டத்துக்கு மேல வச்சேன், கீழ வச்சேன், அந்தப் பக்கம் வெளியில போய்ச் சுவரிலும் வச்சேன். ஜில்லுன்னு இருக்கு" என்றார் புருஷன்.

பாத்தியாக்கா போனைக் காதிலிருந்து எடுத்து மகளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.